மூலமும் பாடபேதமும்: மைசூரு ஜாவா, கோலார் தங்கவயல், பழைய மோட்டார் சைக்கிளின் இரண்டாம் வாழ்வு

தொழிலகங்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டு தேதிகளுக்கு இடையே எழுதப்படுகிறது: திறக்கப்பட்ட நாள், மூடப்பட்ட நாள். மைசூரு யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கு அந்தத் தேதிகள் 1961, 1996. கோலார் தங்கவயலின் நவீன சுரங்கத் தொழிலுக்கு 1880, 2001. இரண்டாம் தேதிக்குப் பிறகு நடப்பவை நினைவேக்கக் கட்டுரைகளுக்கு உரியவை என ஆய்வுலகம் ஒதுக்கிவிடுகிறது. ஆனால், மைசூருவில் உற்பத்தி நடந்தது 35 ஆண்டுகள். உற்பத்தி நின்றபின் அந்த வண்டிகள் சாலையில் வாழ்ந்துவரும் காலமும் ஏறத்தாழ அதே அளவை நெருங்கிவிட்டது. இந்தப் பிற்பாதியை எழுதியவர்கள் பொறியாளர்கள் அல்லர். பழைய வண்டியொன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொடக்கநிலையாளர்களும், அவர்களுக்குக் கைகாட்டிய பட்டறைக்காரர்களுமே. அவர்களின் வேலையை வரலாறாக வாசிக்க முடியுமா என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் வண்டியின் கதை. செக் நாட்டின் ஃபிரான்டிஷெக் யானெச்செக் 1929இல் ஜெர்மானிய வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமையைப் பெற்றுத் தொடங்கிய தயாரிப்புக்கு, இரு பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து ஜாவா எனப் பெயர் அமைந்தது. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, அதுவரை ஜாவா வண்டிகளை இறக்கி விற்றுவந்த பார்சி வணிகக் குடும்பமான இரானியர் 1960இல் ஐடியல் ஜாவா நிறுவனத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு மைசூருத் தொழிற்சாலையை ஜெயச்சாமராஜ உடையார் திறந்து வைத்தார். அப்போது அவர் மைசூர் மாநிலத்தின் ஆளுநர். ஜாவா என்பது ‘ஜெயச்சாமராஜ வாடியார்’ என்பதன் சுருக்கமே என்று மைசூருப் பக்கம் வழங்கும் பேச்சு இதிலிருந்து பிறந்திருக்க வேண்டும். மொழியியல் இதை மக்கள் சொற்பிறப்பு என்று வகைப்படுத்தும். பிழையான சொற்பிறப்பு என்பதால் அது பயனற்றதாகிவிடாது. வேற்றுநாட்டு இயந்திரமொன்றை ஓர் ஊர் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

1973இல் வண்டியின் பெயர் யெஸ்டி என்று மாறியது. மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். யெஸ்டி என்ற பெயருக்கும் இரு விளக்கங்கள் வழங்குகின்றன: சரதுஷ்டிரர்களின் பழைய நகரமான ஈரானின் யஸ்து என்பது ஒன்று, வண்டியோட்டுவதைக் குறிக்கும் செக் வினைச்சொல் என்பது மற்றொன்று. 1978இல் ரோட்கிங் வந்தது. பழைய 250 சி.சி. வடிவத்தின் அடிப்படை மட்டும் பெரிதாக மாறாமல் தொடர்ந்தது. 1980களின் நடுவில் மாலூரை ஒட்டிய ஓசூரில் இந்த்–சுசுகியும், வடக்கே ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ்100உம் சிக்கனமான 100 சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்தன. 1991, 1996 எனப் புகை வரம்புகளும் அடுத்தடுத்து இறுகின. 1996இல் மைசூருத் தொழிற்சாலை மூடப்பட்டது.

சென்னையின் கதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன; திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. பின்னர் அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்துவிட்டன. 1970 வாக்கில் பிரிட்டனில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி அற்றுப்போயிற்று. திருவொற்றியூரிலோ 1950களின் வடிவம் தொடர்ந்தது. கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமுமாக இருந்த பழைய பிரிட்டிஷ் ஒழுங்கு, புத்தாயிரத்தின் முதல் ஆண்டுகள் வரை இந்தியச் சாலைகளில் வழங்கியது.

மொழி வரலாற்றில் இதற்கு இணையான நிலை ஒன்று உண்டு. மையத்தில் வழக்கொழிந்த வடிவங்கள் விளிம்பில் பிழைத்திருக்கும்; தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்த சில கூறுகள் ஈழத்துப் பேச்சில் நிலைத்திருப்பது மாணவர் அறிந்த எடுத்துக்காட்டு. இயந்திரங்களுக்கும் இது பொருந்துகிறது. ஆனால் விளிம்பில் பிழைத்தல் தானாக நிகழ்வதன்று. மொழிக்குப் பேசுவோர் வேண்டும். இயந்திரத்துக்குப் பழுது பார்ப்போர் வேண்டும். உரிமம்–ஒதுக்கீடு ஆட்சிக்காலத்தில் புது வண்டிக்குக் காத்திருப்புப் பட்டியலும், அயல்நாட்டு உதிரிபாகத்துக்குத் தடையும் இருந்தன. கையிலிருந்த வண்டியை ஓடவைத்தாக வேண்டும் என்ற கட்டாயமே தெருவோரப் பட்டறையை வளர்த்தது.

கோலார் தங்கவயல் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கு கால்வைத்த பிறகு வளர்ந்த சுரங்கங்கள், இந்தியாவிலேயே மிக முன்னதாக இயந்திரமயமான இடங்களுள் ஒன்றாயின. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம்வரை ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பிவழியே மின்சாரம் வந்தது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மனிதரை இறக்கி ஏற்றும் பொறி, காற்றை உள்ளே செலுத்தும் பொறி, நீரை இறைக்கும் பொறி, பாறையைத் துளையிடும் பொறி என ஒவ்வொன்றும் நாள் தவறாமல் ஓடியாக வேண்டியிருந்தது. ஒரு வால்வின் பழுது உயிர்ப்பிரச்சினையாக இருந்த ஊர் அது.

இந்த அறிவு யாருக்கு உரியதாகப் பதிவானது என்பது வேறு கதை. மேற்பார்வைப் பதவிகளும் தொழில்நுட்பப் பதவிகளும் பெரிதும் ஐரோப்பியர், ஆங்கிலோ–இந்தியர் வசம் இருந்தன. நிலத்தடியில் உழைத்தவர்கள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள். ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ முதலான ஆய்வுகள் இந்தப் படிநிலையை விரிவாகப் பேசியுள்ளன. கூலி வகைப்பாட்டில் ‘திறனற்ற உழைப்பு’ என எழுதப்பட்ட ஒருவர், நடைமுறையில் பொறியின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லக்கூடியவராக இருந்திருக்க முடியும். ஆவணம் அதைப் பதிவு செய்யாது.

நின்றுபோன ஒன்றை மறுபடி ஓடவைக்கும் மரபு தங்கவயலுக்கு வேறொரு துறையிலும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோயிற்று. அதை 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிக் காத்ததும் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளே அந்த இதழுக்கும் நூல்களுக்கும் அடித்தளம். அச்சு எந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும், முறைசார் கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தானே கற்று, தானே பழுதுபார்த்து, தானே தொடர்ந்த பண்பு இரண்டுக்கும் பொதுவானது.

1956இல் மைசூர் மாநில அரசும், 1962இல் ஒன்றிய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் நின்றது. அதன்பின் தங்கவயலின் ஒரு பெரும்பகுதி பெங்களூருவுக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஊராகிவிட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர், விடியும் முன்னரே மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில், இரவில் வீடு. சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, ஊரிகம், கோரமண்டல் எனப் பரந்து கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து ரயிலடிக்குப் போகவே ஒரு வண்டி தேவை. இத்தகைய ஊர்களில் பழைய இருசக்கர வண்டி முதலில் ஒரு தேவை. பொழுதுபோக்காவது அதற்குப் பிறகே.

பழைய ஜாவா, யெஸ்டி, புல்லட் போன்றவை தொடக்கநிலை மெக்கானிக்குக்குப் பள்ளிக்கூடமாக அமைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உள்ளன. மைசூரு 250இன் இன்ஜின் இரண்டு ஸ்ட்ரோக் வகை: சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., பிஸ்டன் ஓடும் தொலைவு 75 மி.மீ. வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஆகியவையே முதன்மையான அசையும் உறுப்புகள். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே மடக்கித் திருப்பினால் கியர் நெம்புகோலாகிவிடும். எண்ணெய் ஊற்றத் தனி ஏற்பாடு இல்லை. பெட்ரோலிலேயே லிட்டருக்கு 40 மில்லி அளவில் கலந்துவிட வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் புல்லட்டில் வேறு பாடம்: டீகம்ப்ரஷன் நெம்பை அழுத்தி, ஆம்பியர் முள் நடுவுக்கு வருமிடத்தில் பிஸ்டனை நிறுத்தி, பிறகே உதைக்க வேண்டும். முள் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்டவர், பாயிண்ட் எப்போது திறக்கிறது என்பதையும் புரிந்துகொண்டவர். கணினிப் பெட்டி பூட்டிய இன்றைய வண்டி இத்தகைய விளக்கத்தைத் தன் உரிமையாளரிடம் தருவதில்லை.

காரண–காரியத் தொடரைக் கையால் கற்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கிராங்கின் ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று இன்ஜினுக்குள் கசியும். காற்று மிகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும். சூடு ஏறும், உராய்வு கூடும், ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ‘இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். புதிதாகக் கற்பவர் பிஸ்டனை மட்டும் மாற்றினால் அதே பழுது திரும்பும். விலை குறைந்த ஒரு சீலில் தொடங்கிய பழுதைக் கண்டடைய, விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடக்க வேண்டும். வரலாற்று ஆய்வின் வழிமுறையும் இதுவே.

பழைய வண்டி ஓர் ஆவணம் என்பது உவமைக்காகச் சொல்வதன்று. வாங்க வருபவர் முதலில் ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒப்பிடுகிறார். அது மூல ஆவணச் சரிபார்ப்பு. அடுத்து, சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து விரிவாக்கி, 0.25 மி.மீ. கூடிய பிஸ்டன் போடுவது வழக்கம். அடுத்த முறை 0.50, பிறகு 0.75, பிறகு 1.00. ஆகவே 65.75 மி.மீ. அளவுள்ள ஒரு சிலிண்டர் ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்த வண்டி ஒரு புது ஸ்லீவ் பெறாதிருந்தால், பலமுறை தேய்ந்து, பலமுறை கடையப்பட்டு, மறுபடி மறுபடி சாலைக்கு வந்திருக்கிறது. டேங்கைச் சுரண்டினால் மேலே ஒரு நிறம், கீழே பட்டி, அதற்கும் கீழே மற்றொரு நிறம். உலோகத்தில் கிடைக்கும் அடுக்குகள், பல கைகள் எழுதிச்சென்ற சுவடியின் அடுக்குகளைப் போன்றவை.

இந்த இடத்தில் தமிழ்ப் பதிப்பியலின் பழைய கேள்வி பட்டறைக்குள் வந்துவிடுகிறது: எது மூலம், எது பாடபேதம்? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று இருந்த நிலைக்கே வண்டியைத் திருப்ப முயல்கிறவர் மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியரைப் போன்றவர். நட்டு, ஒட்டுச்சின்னம், நிறத்தின் சாயல் வரை அவர் தேடுகிறார். கைப்பிடியை மாற்றி, இருக்கையைக் குறுக்கி, மட்கார்டை வெட்டித் தன் விருப்பப்படி அமைக்கிறவர் பழைய கதையைத் தன் காலத்துக்குத் திருப்பிச் சொல்லும் கூத்துக் கலைஞரைப் போன்றவர். இவ்விருவருக்கும் இடையில், ஆய்வில் பெரிதும் பேசப்படாத மூன்றாம் வகை ஒன்று உண்டு: தேவையினால் நிகழ்ந்த மாற்றம். மங்கிய 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டாக மாற்றியது, கிடைக்காத கார்பரேட்டருக்குப் பதில் வேறொரு வண்டியின் கார்பரேட்டரைப் பொருத்தியது, முறிந்த ஸ்டாண்டை வெல்டிங் செய்து வலுப்படுத்தியது போன்றவை. வண்டியைக் காப்பாற்றியவை இம்மூன்றாம் வகை மாற்றங்களே. ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் இன்று முதலில் கழற்றி எறியப்படுபவையும் இவையே. ஏட்டைப் படியெடுத்தவரின் பிழைகளை நீக்கும் வேகத்தில், அவர் இல்லையேல் ஏடே நமக்குக் கிடைத்திராது என்பதை மறப்பதற்கு ஒப்பானது இது.

சட்டமும் இந்தப் பதிப்பு வேலையில் ஒரு தரப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. பாதுகாப்பும் புகை வரம்பும் கருதினால் இதன் நியாயம் எளிதில் புரியும்; சேஸிஸை வெட்டி ஒட்டிய வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமல்லாமல் எதிரே வருபவருக்கும் ஆபத்து. கவனிக்க வேண்டியது 2021இல் ஒரு மாத இடைவெளியில் வந்த இரு ஏற்பாடுகள். ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத, சேஸிஸும் உடலும் இன்ஜினும் பெருமளவு திருத்தப்படாத வண்டிகளுக்குத் தனிப்பதிவு அளித்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை தொடங்கி வைக்கப்பட்டது. 20 ஆண்டு கடந்து தகுதித் தேர்வில் தவறும் தனியார் வண்டிகள் அதன் இலக்கு.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள முப்பது ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். யெஸ்டி என்ற பெயர் தாங்கிய முதல் வண்டிகளுக்கே 2023இல்தான் ஐம்பது நிறைந்தது. 1996இன் கடைசி வண்டி 2016இல் இருபதைக் கடந்துவிட்டது. அது ‘மரபுச் சின்னம்’ ஆக 2046வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் பார்வையில் அது வெறும் பழைய வண்டி. பணமுள்ளவரின் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் வண்டி ஐம்பதை எளிதில் எட்டும். ரயிலடிக்கு நாள்தோறும் போய்வரும் வண்டி எட்டுவது அரிது. எட்டினாலும், ஓடுவதற்காகப் பெற்ற திருத்தங்களே அதைத் தகுதியிழக்கச் செய்துவிடும். பயன்படாமல் இருந்ததே மரபாகவும், பயன்பட்டது பழைய இரும்பாகவும் வகைப்படும் விந்தை இது.

தங்கவயலுக்கு இந்த விந்தை புதிதன்று. அங்குள்ள பங்களாக்களும் கிளப்பும் மரபுக் கட்டடங்களாகப் படம் பிடிக்கப்படுகின்றன. சயனைடு மேடுகளில் குவிந்த 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணில் எஞ்சியுள்ள தங்கத்தின் மதிப்பு கணக்கிடப்படுகிறது. பொறிகளை நூற்றாண்டுக்கு மேல் ஓடவைத்த கைகளின் அறிவு எந்தப் பட்டியலிலும் இல்லை. மோட்டார் சைக்கிளை இங்கே சான்றாகக் கொள்வது, அந்த அறிவு எப்படிக் கைமாறுகிறது என்பதை இன்றும் நேரில் காணக்கூடிய எளிய இடம் பட்டறை என்பதனால்தான். ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று பெங்களூருவிலும் பிற நகரங்களிலும் ஜாவா–யெஸ்டி உரிமையாளர்கள் கூடுகிறார்கள். அங்கே மின்னும் வண்டிகள் பேசப்படுகின்றன. அவற்றுக்குப் போர் அடித்தவர், பாயிண்ட் செட்டிங் வைத்தவர், பட்டி பார்த்தவர் பெயர்கள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இங்கு நிறைய இருக்கிறது. பழைய வண்டி ஒன்றைப் பிரிக்கும் முன் படமெடுக்கலாம். சிலிண்டர் அளவு, கழற்றிய மாற்றுப் பாகம், நிற அடுக்கு ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், என்ன காரணத்துக்காக அந்த மாற்றம் நடந்தது என்று முந்தைய உரிமையாளரைக் கேட்கலாம். பட்டறைச் சொற்களைத் தொகுக்கலாம்: ‘போர் அடித்தல்’, ‘செட்டிங் வைத்தல்’, ‘பட்டி பார்த்தல்’ என அயற்சொல்லும் தமிழ் வினையும் சேர்ந்து கலைச்சொல்லாகும் முறைக்கு எந்த அகராதிக் குழுவும் ஆணையிடவில்லை. கன்னடமும் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் தங்கவயல் போன்ற ஊரில் அச்சொற்கள் மொழி எல்லையைக் கடப்பது எப்படி என்பது தனி ஆய்வுக்கே உரியது.

தொழிற்சாலையின் கதவு மூடிய நாளோடு வரலாற்றை முடித்துக்கொண்டால் மிஞ்சுவது முதலாளிகளின் வரலாறும் அரசின் வரலாறும் மட்டுமே. கதவுக்கு வெளியே, முறிந்த சீலைத் தேடிப் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கும் புதிய மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டால், 1996உம் 2001உம் முடிவுத் தேதிகளாக இல்லாமல், பொறுப்பு கைமாறிய தேதிகளாகத் தெரியும். அந்தக் கைமாற்றத்தைப் பார்த்தவர்களும் செய்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.